இரண்டு நிமிடம் பேச வேலூரில் விஷயமா இல்லை?

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். காட்பாடி காந்தி நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மாலை நேரங்களில், வெளிநாடு போகிறவர்களின் ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கும், மருத்துவத் துறையினருக்கென்றே இருக்கும் ஓஇடி ஆங்கிலத் தேர்வுக்கும் பேசிப் பழக வேண்டும் என்று சிலர் வருகிறார்கள். பெரும்பாலோர் செவிலியர்கள், மேற்படிப்புக்காக வெளிநாடு போக நினைக்கும் பொறியியல் மாணவர்களும் நடுநடுவே வருவதுண்டு. 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கி, 1946இல் பட்டப்படிப்பையும் கொண்டுவந்த சிஎம்சி மருத்துவமனை இருக்கும் ஊரில், செவிலியர்கள் நிறைந்திருப்பதிலோ அவர்களுள் பலர் பிரிட்டனை நினைத்துக்கொண்டு படிப்பதிலோ வியப்பில்லை. வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு காகிதக் கட்டு இருக்கும். ஏதோ ஒரு பயிற்சி மையத்தில் காசு கொடுத்து வாங்கியதாகவோ, வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்ததை நகல் எடுத்ததாகவோ இருக்கும் மாதிரி விடைகள் அவை. அந்தக் கட்டு ஏன் உதவுவதில்லை, அதை ஒதுக்கிவிட்டு எப்படிப் பழகலாம் என்பதை, வருகிறவர்களிடம் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது.

தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் வரை நடக்கும். முதல் பகுதியில் வீடு, ஊர், வேலை, படிப்பு என்று பழகிய விஷயங்களைப் பற்றி நான்கைந்து நிமிடம் கேள்விகள் வரும். இரண்டாவது பகுதியில் ஒரு தலைப்பும் அதன்கீழ்ச் சில குறிப்புகளும் அச்சிட்ட அட்டை ஒன்றைத் தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்து, வேண்டியதைத் தாளில் குறித்துக்கொண்டு, ஒன்று முதல் இரண்டு நிமிடம் வரை நாம் மட்டும் பேச வேண்டும். மூன்றாவது பகுதியில் அதே தலைப்பை ஒட்டி, ஆனால் நம் சொந்தக் கதையைத் தாண்டி, ஊர் உலகம் எப்படி மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று விரியும் உரையாடல் மறுபடியும் நான்கைந்து நிமிடம் நடக்கும். மற்றப் பகுதிகளைக் கணினியில் எழுதினாலும், பேச்சுத் தேர்வில் நேரிலோ காணொளியிலோ எதிரே இருப்பவர் ஒரு மனிதர்தான். பேசுவது முழுவதும் பதிவாகும். தடையின்றிக் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணத்தின் வகையும் திருத்தமும், உச்சரிப்பு ஆகிய நான்கு அளவுகோல்களுக்கும் சம மதிப்பு உண்டு. பிரிட்டனில் செவிலியர்களைப் பதிவு செய்யும் மன்றம் பேச்சில் 9க்கு 7 கேட்கிறது. வருகிறவர்களுள் பலர் 6.5இல் நிற்பவர்கள்.

இப்போது அந்தக் கட்டுக்கு வருகிறேன். நீங்கள் மதிக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்ற அட்டைக்கு, அதில் அப்துல் கலாமைப் பற்றி ஒரு பக்க விடை இருக்கும். அப்துல் கலாம் மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் தேர்வு அறையில் வரும் அட்டை அப்படியே அந்தச் சொற்களில் வருவதில்லை. வயதில் மூத்த ஒருவரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்ட ஒரு திறனைப் பற்றிப் பேசுங்கள் என்று வரும். உருப்போட்டவர் அதே கலாமை இழுத்து வந்து, அவரிடமிருந்து விடாமுயற்சியைக் கற்றேன் என்று தொடங்குவார். அவரை எப்போது சந்தித்தீர்கள், எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று அட்டையிலேயே இருக்கும் அடுத்த இரண்டு குறிப்புகளுக்கு விடை இருக்காது. அதுவரை ஓடிய ஆங்கிலம் அந்த இடத்தில் சட்டென்று தடுமாறி, வேறொருவர் பேசுவதுபோல் ஆகிவிடும். தேர்வாளர்கள் இதைக் கண்டுபிடிக்க மந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரே ஆள் இரண்டு விதமான ஆங்கிலத்தை அடுத்தடுத்த நிமிடங்களில் பேசினால் யாருக்கும் விளங்கும்.

இதற்குப் பதிலாகப் பயிற்சி மையங்களில் இன்னொரு யோசனையும் சொல்கிறார்கள்: உண்மை பேசுகிறோமா என்று யாரும் சோதிப்பதில்லை, எனவே கற்பனை செய்து பேசலாம். இது சரிதான், தேர்வாளர் நம் மொழியைத்தான் அளக்கிறார், வாக்குமூலம் வாங்கவில்லை. ஆனாலும் நான் இந்த யோசனையை ஏற்பதில்லை. இல்லாத ஒரு பயணத்தையோ பார்க்காத ஒரு படத்தையோ பற்றிப் பேசும்போது, அடுத்து என்ன நடந்தது என்பதையும் உருவாக்க வேண்டும், அதற்கு ஆங்கிலச் சொல்லையும் தேட வேண்டும். இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் ஒரே மனத்தின் தலையில் விழுகின்றன. சொந்த அனுபவத்தைப் பேசுகிறவருக்கு முதல் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. தேர்வின் மதிப்பீட்டுக் குறிப்புகளிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. உயர்ந்த நிலைகளில், பேசுகிறவர் தயங்கினால் அந்தத் தயக்கம் விஷயத்தை யோசிப்பதற்காக இருக்குமே தவிரச் சொல்லைத் தேடுவதற்காக இருப்பது அரிது என்கிறார்கள். அந்தத் தெரு எந்தப் பக்கம் இருந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ள ஒருவர் ஒரு கணம் நிறுத்துவதும், இலக்கணத்தில் மாட்டிக்கொண்டு நிறுத்துவதும் கேட்கும் காதுக்கு வேறுவேறாகத்தான் ஒலிக்கும்.

சொந்த விஷயம் என்றால், எனக்கு அப்படி என்ன நடந்துவிட்டது சார் என்று கேட்கிறார்கள். வேலூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். நீரில்லா ஆறு, மரமில்லா மலை, மன்னனில்லா கோட்டை, சாமியில்லா கோயில் என்று நம் ஊரைக் கேலி செய்யும் பழைய சொல்லை எல்லோரும் கேட்டிருப்போம். அந்த ஒரு வரியே நான்கு அட்டைகளுக்கு ஆகும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை; சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981இல் கொண்டுவந்து வைத்த பிறகுதான் வழிபாடு மீண்டும் தொடங்கியது. வரலாற்றுச் சிறப்புள்ள ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்ற அட்டைக்குத் தாஜ்மகாலைப் பற்றி உருப்போடுகிறவர்களுள் பலர் அங்கே போனதே இல்லை. வேலூர்க் கோட்டையின் அகழிக் கரையில் இவர்கள் சிறுவயது முதல் நடந்திருக்கிறார்கள். லிங்கம் வந்த காலத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறார்கள். 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியைப் பள்ளியில் படித்திருக்கிறார்கள். பாலாறு எப்போதும் மணலாகவே இருக்கும் என்று நினைத்து வளர்ந்தவர்கள், 2021 நவம்பரில் இரு கரையையும் தொட்டுக்கொண்டு அது ஓடியதைப் பாலத்தின்மேல் கூட்டத்தோடு நின்று பார்த்திருக்கிறார்கள். மறக்க முடியாத ஒரு காட்சி என்ற அட்டைக்கு இதைவிட என்ன வேண்டும்?

குடியாத்தம் பக்கத்திலிருந்து வரும் ஒரு செவிலியரின் பயிற்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நான் மேலே சொன்ன, மூத்தவரிடம் கற்ற திறன் என்ற அட்டையைத்தான் அவருக்குக் கொடுத்தேன். பாட்டியிடம் சமையல் கற்றேன் என்று தொடங்கி, பாட்டி மிகவும் அன்பானவர், மிகவும் நல்லவர் என்று நாற்பது விநாடியில் முடித்துவிட்டார். நிறுத்தச் சொல்லிவிட்டு, "நிஜமா யார்கிட்டம்மா என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "தறியில இழை அறுந்தா எப்படி முடி போடறதுன்னு எங்க தாத்தா சொல்லிக்கொடுத்தாரு சார். அதெல்லாம் போய் இங்கிலீஷ்ல எப்படி சார் சொல்றது?" என்றார். அதையே சொல், தெரிந்த சொல்லை வைத்துச் சொல் என்றேன். பாவு என்பதற்கு அவருக்கு ஆங்கிலச் சொல் தெரியவில்லை. நீளவாக்கில் போகும் நூல்கள் என்று சொல்லிக் கடந்தார். முடி போடும் இடம் வந்தபோது வலது கையின் இரண்டு விரல்கள் தாமாகவே நூலை முறுக்கின. முடிச்சு பெரிதாக இருந்தால் துணியில் மொட்டுத் தெரியும், லுங்கியை வாங்குகிறவன் முதலில் அதைத்தான் தடவிப் பார்ப்பான் என்று தாத்தா சொல்வாராம். முதல் முறை தான் போட்ட முடி நிற்காமல் அவிழ்ந்ததையும், தாத்தா திட்டாமல் அந்த இழையை மறுபடியும் அறுத்துக் கையில் கொடுத்ததையும் சொல்லிக்கொண்டிருந்தபோது இரண்டு நிமிடம் முடிந்து நான் மணி அடிக்க வேண்டியிருந்தது.

அந்த விடையில் நடந்ததைக் கவனித்துப் பாருங்கள். தாத்தா வழக்கமாகச் செய்ததைச் சொல்லும்போது பழக்கத்தைக் குறிக்கும் இறந்தகாலம் வந்தது. அந்த ஒருநாள் நடந்ததைச் சொல்லும்போது தனி இறந்தகாலம் வந்தது. முடிச்சு பெரிதாக இருந்தால் என்று நிபந்தனை வாக்கியம் ஒன்றும் வந்தது. இலக்கணத்தின் வகைமை என்று மதிப்பீட்டில் கேட்பது இதைத்தான். அதை வலிந்து புகுத்தாமல் விஷயமே கொண்டுவந்து சேர்த்தது. சொல் தெரியாத இடத்தில் வேறு சொற்களால் சுற்றிச் சொல்லிக் கடப்பதும் சொல்வளத்தின்கீழ் நற்புள்ளியாகவே கணக்கிடப்படுகிறது. இதைப் பலரும் நம்புவதில்லை. அரிய சொல் நாலைந்தைப் பட்டியலிட்டு, அவற்றை எப்படியாவது வாக்கியத்தில் திணித்தால்தான் 7 கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். கைத்தறியைப் பற்றிய எளிய பேச்சின் நடுவே செய்தித்தாள் தலையங்கச் சொல் ஒன்று வந்து உட்கார்ந்தால், கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் மட்டும் கோட்டு சூட்டோடு சம்மணமிட்டது போலத்தான் இருக்கும்.

யோசிக்கக் கொடுக்கும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் வாக்கியம் எழுதத் தொடங்குகிறவர்கள் இரண்டு வரிக்குமேல் எழுத முடியாமல், எழுதிய இரண்டு வரியையும் வாசித்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறார்கள். தறி, அறுந்த இழை, மொட்டு, மறுபடி அறுத்தார் என்று நான்கு குறிப்பு போதும். தமிழிலேயே குறித்துக்கொண்டாலும் தவறில்லை, அந்தத் தாளை யாரும் திருத்தப்போவதில்லை. அட்டையின் கடைசிக் குறிப்பு பெரும்பாலும் ஏன் என்று விளக்கச் சொல்வதாக இருக்கும். நம்மவர்கள் யார், எங்கே, எப்போது என்பதற்கே நேரத்தைச் செலவழித்துவிட்டு, ஏன் என்பதற்கு ஒற்றை வாக்கியத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒப்பிடுவதும் காரணம் சொல்வதும் இப்படி இருந்திருந்தால் என்று எண்ணிப் பார்ப்பதும் அந்த இடத்தில்தான் இயல்பாக வரும், ஆகையால் பாதி நேரத்தையாவது அதற்கு வைக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு நிமிடம் ஆனதும் தேர்வாளர் நடுவில் நிறுத்தினால் பதற வேண்டாம். அது நேரக் கணக்கு, வேறொன்றும் இல்லை.

முதல் பகுதிக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. வெயில் காலம் பிடிக்குமா என்று கேட்டால், பிடிக்காது என்று ஒரே சொல்லில் முடிப்பதும், கோடையின் நன்மை தீமைகளைக் கட்டுரையாகப் பொழிவதும் இரண்டும் வேண்டாத வேலை. அக்னி நட்சத்திரத்தில் இந்த ஊரில் இரவுப் பணி முடிந்து பகலில் தூங்க முயன்றவருக்கு இந்தக் கேள்விக்கு இரண்டு மூன்று வாக்கியம் தாமாக வரும். அது போதும்.

உச்சரிப்பில் எல்லோரும் பயப்படுவது ஒன்று, உண்மையில் புள்ளியைக் குறைப்பது வேறொன்று. எல்லோரும் தங்கள் தமிழ் வாடையை நினைத்து வெட்கப்படுகிறார்கள். வெள்ளைக்காரர் போலப் பேசிக் காட்டும் காணொளிகளைப் பார்த்து மூக்கால் பேசிப் பழகுகிறார்கள். நம் ஊர் வாடை இருப்பதற்காக யாரும் புள்ளி குறைப்பதில்லை. கேட்பவருக்கு விளங்காமல் போனால்தான் குறையும். எவ்ரி என்பதை யெவ்ரி என்றும், ஓல்ட் என்பதை வோல்ட் என்றும் நாம் சொல்கிறோம். இவற்றைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது, கவனிக்காவிட்டாலும் பொருள் பெரும்பாலும் விளங்கிவிடும். ஆனால் சொல்லின் கடைசி ஒலியை விழுங்குவது அப்படியல்ல. ஆஸ்க்ட், வாக்ட், வொர்க்ட் என்று முடிய வேண்டிய வினைச்சொற்களை ஆஸ்க், வாக், வொர்க் என்று விட்டுவிட்டால், கேட்பவருக்கு அது இறந்தகாலமாகவே கேட்காது. பேசியவருக்கு இலக்கணம் நன்றாகத் தெரிந்திருக்கும். காதில் விழுந்தது மட்டும் இலக்கணப் பிழை. ஒரே ஒலியை விழுங்கியதற்காக உச்சரிப்பிலும் இலக்கணத்திலும் இரண்டு இடத்தில் நட்டம்.

அடுத்தது அழுத்தம். தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே சீராகச் சொல்லிப் போகிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசை ஓங்கியும் மற்றவை தணிந்தும் வரும். ஹாஸ்பிடலில் முதல் அசை ஓங்கும், ஹோட்டலில் இரண்டாவது அசை, டெவலப் என்பதிலும் இரண்டாவது. செவிலியர்கள் நாள் முழுதும் புழங்கும் துறைச் சொற்களையே ஒரு நோட்டில் எழுதி, அகராதிச் செயலியில் ஒவ்வொன்றையும் கேட்டு, ஓங்கும் அசையின் கீழ்க் கோடு போட்டு வரச் சொல்கிறேன். வேகத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாம் வேகமாகப் பேசுவதைச் சரளம் என்று எண்ணுகிறோம். கோவையாக வரும் நிதானமான பேச்சுக்கு எந்தக் குறைவும் இல்லை. கணினியிடம் பேசும் பிடிஇ தேர்வில் மூன்று விநாடி மௌனமாக இருந்தால் ஒலிவாங்கி மூடிக்கொள்ளும் என்பதால், அதற்குப் பழகியவர்கள் இங்கே வந்தும் மூச்சுவிடாமல் ஓடுகிறார்கள். எதிரே மனிதர் இருக்கும் தேர்வில் மூச்சு விடலாம்.

பழகும் முறைக்கு வருவோம். கைப்பேசியில் பதிவு செய்து கேட்பது எல்லோரும் சொல்லும் யோசனை. பெரும்பாலோர் பதிவு செய்கிறார்களே தவிரக் கேட்பதில்லை, தன் குரலைத் தானே கேட்பது அவ்வளவு சங்கடம். நான் சொல்வது இன்னும் கொஞ்சம் தொல்லையானது. இரண்டு நிமிடப் பதிவைக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே, இழுத்த இழுப்பையும் திரும்பச் சொன்ன சொல்லையும் விடாமல், தாளில் எழுத வேண்டும். நிதானமாகப் பேசுகிறவருக்கு அது ஏறக்குறைய 250 சொற்கள் வரும். எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவால் ஆசிரியர் திருத்த வேண்டிய தேவை பெரும்பாலும் இருப்பதில்லை. மூன்று ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன் என்பதைத் தமிழில் சொல்வதுபோலவே ஆங்கிலத்திலும் வெறும் நிகழ்காலத்தில் சொன்னதும், ஆக்சுவலி என்ற சொல் வரிக்கு ஒருமுறை வந்ததும், தாத்தாவைப் பாதியில் ஷீ என்று சொன்னதும் அவர்கள் கண்ணிலேயே படும். மறுநாள் அதே அட்டையைப் பேச வேண்டும், ஆனால் எழுதியதைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அது மறுபடியும் உருப்போடுவதில் போய் முடியும்.

இதைவிடப் பலன் தருவது இருவராக உட்கார்ந்து பழகுவது. அதிலும் கேள்வி கேட்கும் இடத்தில் உட்காருகிறவருக்கு வேலை அதிகம். அச்சிட்ட கேள்விகளை வரிசையாக வாசித்துக்கொண்டு போனால் பயனில்லை. எதிரே இருப்பவர் சொன்ன விடையிலிருந்தே ஒரு சொல்லைப் பிடித்து அடுத்த கேள்வியை உருவாக்க வேண்டும். தறி என்றால், இப்போதும் அந்தத் தறி ஓடுகிறதா? உன் தம்பிக்கு அந்த வேலை தெரியுமா? விசைத்தறி வந்ததால் உங்கள் தெருவில் என்ன மாறியது? இப்படிக் கேட்கத் தொடங்கியவருக்கு, கேள்வியின் வடிவமும் காலமும் பதிலில் எப்படித் திரும்பி வர வேண்டும் என்பது பழகிவிடும். நம் பிள்ளைகள் பள்ளியில் பதினைந்து ஆண்டு பதில் சொல்லியே வளர்ந்தவர்கள். ஆங்கிலத்தில் கேள்வி கேட்க அவர்களுக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை. கேள்வியே விளங்கவில்லை என்றால் திரும்பச் சொல்லும்படி கேட்கவும் கூச்சப்படுகிறார்கள். கேட்கலாம், அதற்காகப் புள்ளி குறையாது. விளங்காத கேள்விக்கு விளங்கியதுபோல் பதில் சொல்வதுதான் ஆபத்து.

மூன்றாவது பகுதியில் நம்மவர்களிடம் பட்டிமன்ற வாசனை வந்துவிடுகிறது. முதியோர் பிள்ளைகளோடு வாழ்வது நல்லதா என்று தேர்வாளர் கேட்டால், உடனே குரல் உயர்ந்து, தாய் தந்தையரைப் போற்றுவதே நம் பண்பாடு என்று கைதட்டலுக்குக் காத்திருக்கும் தொனியில் ஒரு முழக்கம் வரும். கேட்டவர் உங்கள் கட்சியைக் கேட்கவில்லை. யோசித்துப் பேசும் மொழி உங்களிடம் இருக்கிறதா என்று பார்க்கிறார். பட்டிமன்றத்திலிருந்து எடுத்துக்கொள்ள நல்ல விஷயமும் ஒன்று உண்டு: எதிரணி என்ன சொல்லும் என்பதை எதிர்பார்த்து, அதை எடுத்துச் சொல்லி, பிறகு தன் பதிலைச் சொல்வது. மகனும் மருமகளும் ஓசூரிலோ சென்னையிலோ வேலைக்குப் போகும் வீட்டில் முதியவர் பகல் முழுதும் தனியே இருப்பார், ஆகவே சேர்ந்து இருப்பது என்பதே எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்று தொடங்கினால், நிபந்தனையும் ஒப்பீடும் ஐயமும் கலந்த பேச்சு வரும். சிஎம்சியில் பணிபுரிகிறவர்கள் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் முதியவர்களை அழைத்துக்கொண்டு வரும் குடும்பங்களை அன்றாடம் பார்க்கிறார்கள். இந்தக் கேள்விக்கு அவர்களைவிடத் தெளிவாகப் பேச வேறு யாரால் முடியும்? ஆனால் பார்த்ததைச் சொல்லாமல் படித்ததைத்தான் சொல்வார்கள்.

ஓஇடி எழுதுகிறவர்களுக்கு இந்தக் கடைசிச் செய்தி இன்னும் நேராகப் பொருந்தும். அந்தப் பேச்சுத் தேர்வு ஏறக்குறைய 20 நிமிடம். மதிப்பெண் இல்லாத சிறிய அறிமுகப் பேச்சுக்குப் பின் இரண்டு பாத்திர உரையாடல்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடத் தயாரிப்பு, ஐந்து நிமிடப் பேச்சு. எதிரே நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பவர் மதிப்பெண் போடுவதில்லை. பதிவைக் கேட்டு வேறொருவர் போடுகிறார். 2018 செப்டம்பர் முதல், மொழியின் திறத்தோடு, நோயாளியோடு உறவை ஏற்படுத்துவது, அவர் கவலையைப் புரிந்துகொள்வது, விவரம் கேட்பது, விவரம் சொல்வது போன்றவற்றையும் தனியாக அளக்கிறார்கள். அட்டையில் நான்கைந்து பணிகள் எழுதியிருக்கும். நம் செவிலியர்கள் பலர் அவற்றை மருந்துச் சீட்டை வாசிப்பதுபோல் வரிசையாக முடித்துவிட்டு, இன்னும் இரண்டு நிமிடம் மீதம் இருக்கிறதே என்று விழிக்கிறார்கள். எதிரே இருப்பவர் நடுவில், எனக்கு ஊசி என்றாலே பயம் என்று சொல்லியிருப்பார். அது காதிலேயே விழுந்திருக்காது.

இவர்களிடம் நான் ஆங்கிலத்தை நிறுத்திவிட்டுத் தமிழில் அதே காட்சியை நடத்தச் சொல்வேன். வாணியம்பாடியிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா இன்சுலின் போட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார், பேசு என்றால் பேச்சு அருவியாக வரும். "ஏம்மா பயப்படறீங்க, யாருக்காவது போட்டு ஏதாவது ஆச்சுன்னு கேள்விப்பட்டீங்களா?" என்று முதலில் கேட்பார்கள், பதிலைக் கேட்டுவிட்டுத்தான் விளக்குவார்கள், சர்க்கரை என்பார்களே தவிர நோயின் மருத்துவப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தேர்வு கேட்பது அனைத்தும் அதில் இருக்கிறது. அந்த வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு மொழியை மட்டும் மாற்றச் சொன்னால், முதல் முறை தடுமாறினாலும், தன் வேலையைத் தான் ஆங்கிலத்தில் செய்கிறோம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வார்டில் தமிழ் தெரியாத நோயாளிகளின் உறவினர்களோடு ஆங்கிலத்தில் பேசக் கிடைக்கும் வாய்ப்புகளை, சைகையிலும் அரைகுறை இந்தியிலும் கழித்துவிடாமல் முழு வாக்கியமாகப் பேசினால், அதற்கு எந்தப் பயிற்சி மையத்திலும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

ஐஇஎல்டிஎஸ் எழுதிவிட்டு அரைப் புள்ளியில் தவறவிட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மதிப்பெண் சான்றில் பேச்சுக்கு ஒரே ஓர் எண்தான் இருக்கும், நான்கு அளவுகோல்களுள் எதில் குறைந்தது என்று பிரித்துக் காட்டாது. ஆகவே 6.5 வந்ததும் உடனே இன்னொரு மையத்தில் சேர்ந்து முதலிலிருந்து தொடங்குவது வீண்செலவு. தேர்வுக்கு முன் செய்த பதிவுகள் கைப்பேசியில் இருந்தால் எடுத்து வாருங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் குறை எங்கே என்று தெரிந்துவிடுகிறது: சிலருக்கு விழுங்கிய கடைசி ஒலி, சிலருக்கு மூன்றாவது பகுதியில் இரண்டு வாக்கியத்தோடு வற்றிப்போகும் விடை. கணினி வழியில் எழுதியவர்கள் பேச்சுப் பகுதியை மட்டும் 60 நாளுக்குள் மறுபடியும் எழுத வசதி இருக்கிறது; ஆனால் நீங்கள் விண்ணப்பிக்கும் நாடும் மன்றமும் அந்தச் சான்றை ஏற்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் மன்றம் சில நிபந்தனைகளோடு இரண்டு முழுத் தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக்கொள்ளவும் இடம் தருகிறது. அதையும் பார்த்துவிட்டு, எது செலவு குறைவோ அதைத் தேர்ந்தெடுக்கலாம்.